வலை இல்லாத கைப்பந்து

ஹேண்ட்பாலும் வாலிபாலும் ஒன்றுதான் என்று நாற்பத்தொன்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். நம்பியதோடு சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வெளிநாட்டு அணிக்குத் துணை மேலாளராகி, பெட்டிக்குள் புத்தம்புது வாலிபால் வலை ஒன்றை மடித்து வைத்து, மாலத்தீவிலிருந்து ஏற்காடு வரைக்கும் வந்து சேர்ந்தேன்.

தப்பு முழுக்க என்னுடையது என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் ஆத்தூர்க்காரன். எங்கள் பக்கத்துப் பேப்பரில் வாலிபாலைக் கைப்பந்து என்றுதான் போடுவார்கள். கல்லூரியில் நான் ஆடியதும் கைப்பந்து, மாவட்டப் போட்டியில் வாங்கிய சான்றிதழில் இருப்பதும் கைப்பந்து. கை என்றால் ஹேண்ட், பந்து என்றால் பால். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பிழைப்புக்காக மாலத்தீவில் ஒரு சின்னத் தீவில், ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். படகு இன்ஜின் மெக்கானிக் ஜியாத் அங்கே நட்டு போல்ட்டு வாங்க வருவான். அவன்தான் தீவின் ஹேண்ட்பால் அணிக்குக் கேப்டன். ஒருநாள் கல்லாமேல் சாய்ந்துகொண்டு, "பேபே, உங்களுக்கு ஹேண்ட்பால் தெரியுமா?" என்றான். அவர்களுடைய திவேஹி மொழியில் பேபே என்றால் அண்ணன். நம் ஊரில் பேபே என்று விழிப்பது வேறு. இரண்டு அர்த்தத்துக்கும் நான் பொருத்தமானவன் என்பது பிறகுதான் தெரிந்தது. "மாவட்ட அளவில் ஆடியிருக்கிறேன்" என்றேன். அவன் கண்ணில் ஒரு மரியாதை வந்தது. அந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து நான் பார்க்காத மரியாதை.

விஷயம் இதுதான். நாட்டுக்கு ஒரு கிளப் என்று நாலைந்து ஆடவர் அணிகள் மோதும் சாம்பியன்ஷிப் போட்டி. கோடை வெயிலுக்குப் பயந்து அதை ஏற்காட்டில், ஒரு பள்ளிக்கூடத்தின் உள்ளரங்கத்தில் நடத்துகிறார்கள். அணியோடு போகத் தமிழ் பேசும் ஆள் வேண்டும். ஏற்காடு தெரியுமா என்று கேட்டான். தெரியுமாவா? கல்யாணமான புதிதில் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து பைக்கோடு விழுந்த ஊர் அது.

சேலத்திலிருந்து மலை ஏறும்போதுதான் முதல் சிக்கல். எங்கள் தீவில் உயரமான பொருள் செல்போன் டவர். அதற்கு அடுத்தது தென்னைமரம். தரை என்பது கடலைவிட ஒரு ஆள் உயரம் மேலே இருந்தால் அதிகம். முதல் கொண்டை ஊசி வளைவில் பையன்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் போனை நீட்டி வீடியோ எடுத்தார்கள். மூன்றாவது வளைவில் போன்கள் உள்ளே வந்தன. ஐந்தாவது வளைவில் பாலித்தீன் பைகள் வெளியே வந்தன.

எங்கள் கோல்கீப்பர் பெயர் இப்ராஹிம், கூப்பிடுவது இப்பே. கதவு சைசுக்கு இருப்பான். மூஞ்சிக்கு நேராகப் பந்து வந்தாலும் இமைக்க மாட்டான் என்று ஜியாத் பெருமையாகச் சொல்லியிருந்தான். அந்த இப்பே சீட்டை விட்டு இறங்கி, இரண்டு சீட்டுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டான். வேன் ஓட்டிய மாதேசு மஞ்சக்குட்டைக்காரர். கண்ணாடியில் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"ஏனுங்க சார், அவரு எதுக்குங்க கீழ உக்காந்துட்டாரு? எதாச்சும் தொலைச்சுட்டாருங்களா?"

"தைரியத்தை" என்றேன்.

"வளைவுல எங்கயாச்சும் உழுந்திருக்குமுங்க. எறங்கறப்ப பாத்துக்கலாம்" என்று மாதேசு ஹாரன் அடித்தார்.

சாயங்காலம் அரங்கத்துக்குப் போனோம். நுழைந்ததும் நான் வலை கட்டும் கம்பத்தைத் தேடினேன். இல்லை. இரண்டு முனையிலும் பட்டை பட்டையாக வண்ணம் அடித்த கோல்போஸ்ட் நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கால்பந்து ஆடிவிட்டுக் கழற்றாமல் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் போய், இதையெல்லாம் எப்போது எடுப்பீர்கள் என்று கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டேன். "போட்டி முடிஞ்சப்புறமுங்க" என்றார் அவர்.

பிறகு எங்கள் பையன்கள் பயிற்சியை ஆரம்பித்தார்கள். பந்து சின்னப் பூசணிக்காய் அளவுதான். அதை ஒற்றைக் கையில் பிடித்து, மூன்று எட்டு வைத்து, எம்பிக் குதித்து, இப்பேயைக் கொல்வதுபோல எறிந்தார்கள். ஐந்து நிமிடத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, எதுவுமே தெரியாது என்பது புரிந்துவிட்டது. ஜியாத் ஓடிவந்து, "பேபே, நீங்கள் எந்த இடத்தில் ஆடுவீர்கள்?" என்றான். "செட்டர்" என்றேன். வாலிபாலில், அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடம் அது. அவன் கொஞ்சம் யோசித்தான். இந்தியாவில் அப்படி ஓர் இடம் இருக்கும்போல என்று தலையாட்டிவிட்டுப் போனான். நான் அறைக்குத் திரும்பியதும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளினேன்.

அன்று டீ குடிக்கும்போதுதான் ஜியாத் உண்மையான நிலவரத்தைச் சொன்னான். தீவில் துறைமுகத்தை ஒட்டி அவர்களுக்கு ஒரு சிமெண்ட் மைதானம் இருக்கிறது. பையன்களே மணல் சுமந்து, கலவை போட்டு, மட்டம் பார்த்துக் கட்டியது. இப்போது தீவின் கவுன்சில் தலைவர் அந்த இடத்தில் மீனுக்கு ஐஸ் கிடங்கு கட்டவேண்டும் என்கிறார். "வெளிநாடு போய் ஒரு ஆட்டமாவது ஜெயித்துவிட்டு வா, அந்த இடத்தைத் தொட மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறார். சிரித்ததற்குக் காரணம், இந்த அணி வெளியே போய் இதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ஜியாத் சிரிக்கவில்லை. மூன்று ஆட்டம் இருக்கிறது, ஒன்று போதும் என்றான்.

ஐஸ் கிடங்கு வந்தால் சிமெண்டும் கம்பியும் எங்கள் கடையில்தான் எடுக்கவேண்டும். முதலாளி ஏற்கெனவே விலை சொல்லி அனுப்பிவிட்டார். இதில் நீங்கள் எந்தப் பக்கம் பேபே என்று ஜியாத் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பதிலும் அதேதான், பேபே.

அப்போதே இன்னொன்றையும் சொன்னான். மீன் சீசன் என்பதால் பாதிப் பேருக்கு லீவு கிடைக்கவில்லை. வந்த ஆட்கள் குறைவு. நான் மாவட்ட வீரன் என்பதால் ஆட்டக்காரர் பட்டியலில் கடைசியாக என் பெயரையும் சேர்த்துவிட்டானாம். பனியனைக் கொடுத்தான். போட்டுப் பார்த்தேன். முதுகில் இருந்த எண் நன்றாகத் தெரிந்தது. முன்னால் இருந்த தீவின் பெயர் வயிற்றின் சரிவில் கீழ்நோக்கிப் போனது.

முதல் ஆட்டத்தன்று காலையில் இட்லி. பையன்கள் சட்னியைப் பார்த்து, தேங்காய் இருக்கிறது, மீன் எங்கே என்றார்கள். அவர்கள் ஊரில் தேங்காய்த்துருவலோடு சூரை மீனைப் பிசைந்து ரொட்டியில் வைத்துத் தின்பதுதான் காலைச் சாப்பாடு. ஜியாத் பாக்கெட்டிலிருந்து டின் மீனை எடுத்துத் திறந்து சட்னியில் கொட்டிக் கலந்தான். பரிமாறிய அக்கா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். நானும் ஒரு இட்லி தொட்டுத் தின்றேன். நன்றாகவே இருந்தது. ஆத்தூரில் யாரும் இதைப் படிக்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

அரங்கத்து வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். சர்வதேச ஆடவர் கைப்பந்து சாம்பியன்ஷிப். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். நான் மட்டும் இல்லை. ஆறுதல் முழுசாக வருவதற்குள் மஞ்சக்குட்டையிலிருந்தும் தலைச்சோலையிலிருந்தும் ஜீப் ஜீப்பாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். இந்த மலையில் ஊருக்கு ஒரு வாலிபால் மைதானம் இருக்கும். காப்பி எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்தால் இருட்டும்வரை அதுதான். வெளிநாட்டுக்காரன் எப்படி அடிக்கிறான் பார்க்கலாம் என்று ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. கூட்டத்தில் சத்தமே இல்லை. எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் மப்ளர் கட்டி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, வலை எங்கங்க என்று கேட்டார். கோல்போஸ்டுக்குப் பின்னால் இருக்கிறதே என்று காட்டினேன். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

"அப்ப நடுவுல இருந்த நெட்டை ரெண்டாக் கிழிச்சு ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துட்டாங்களா?" என்றார்.

பந்தைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறார்களே, இதற்கு விசில் கிடையாதா என்று மாதேசு வேறு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். தோல்வி பெரிசு. எண்ணிக்கையைச் சொல்லி ஜியாத் மனசைப் புண்படுத்த மாட்டேன். மறுநாள் இரண்டாவது ஆட்டம். அதிலும் தோல்வி, ஆனால் கொஞ்சம் கௌரவமான தோல்வி. கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. ராத்திரி சாப்பாட்டில் இட்லி அக்கா ஜியாத்துக்குக் கோழிக் குழம்பை இரண்டாவது தடவை ஊற்றினார். அவன் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஓய்வு. பையன்கள் மனசு மாறட்டும் என்று மாதேசு எங்களைச் சேர்வராயன் கோயில் மலைக்குக் கூட்டிப்போனார். உச்சியில் மற்றவர்கள் செல்ஃபி எடுக்க, ஜியாத் மட்டும் விளிம்பு விளிம்பாக நடந்து நாலு பக்கமும் தேடினான். என்ன தேடுகிறாய் என்றேன். "இவ்வளவு மேலே வந்தும் கடல் தெரியவில்லையே" என்றான். இப்பே வேனிலிருந்து இறங்கவில்லை. கிளம்பும்போது வேன் கிளம்பவில்லை, தள்ளலாம் என்றால் எந்தப் பக்கம் தள்ளினாலும் சரிவு.

மாதேசு வேனை அங்கேயே விட்டுவிட்டு, பக்கமாகத்தான் இருக்கிறது, எங்க ஊட்டுக்கு வாங்க என்று ஷேர் ஜீப்பைக் கைகாட்டி நிறுத்தினார். அதில் ஏற்கெனவே ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது. நாங்கள் இன்னொரு ஊராக ஏறினோம். இப்பேக்குக் கிடைத்த இடம் வாசல் ஓரம், காலுக்குக் கீழே பள்ளம். எதிரில் எஸ்டேட் வேலை முடிந்து வந்த பொன்னாயி என்கிற அம்மா, பக்கத்தில் அவர் புருஷன். இப்பே நடுங்குவதைப் பார்த்து அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சாமி இப்புடி நடுங்கற? கீழ பாக்காத. என்னையப் பாரு கண்ணு, என்ற மூஞ்சியவே பாரு."

நான் திவேஹியில் சொன்னேன். இப்பே சொன்னதைச் செய்கிறவன். மஞ்சக்குட்டை வரும்வரை அந்த அம்மாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இமைக்கவும் இல்லை. புருஷன்காரர் இரண்டு தடவை செருமிப் பார்த்தார். கடைசியில் என்னிடம், "ஏனுங்க, ஊரு வந்துருச்சுன்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்றார்.

மாதேசு வீட்டுக்கு எதிரில்தான் வாலிபால் மைதானம். ஊர்ப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வலை என்று சொன்னால் வலை, ஓட்டைகள் என்று சொன்னால் ஓட்டைகள். அந்த ஊர் ஆட்டங்களுக்கு விசில் அடிக்கிற நடுவரே மாதேசுதான் என்று அங்கேதான் தெரிந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. என்னிடம் புது வலை ஒன்று இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்றேன். ஹேண்ட்பாலுக்கு எதற்கு வலை கொண்டுவந்தீர்கள் என்றார் மாதேசு. சொன்னேன். முதல்முதலாக ஒரு மனுஷனிடம் முழுசாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நானும் அப்புடித்தானுங்க நெனச்சேன். பேனரப் பாத்துட்டு ஊரு பூராச் சொல்லி ஜீப்பு புடிச்சுக் கூட்டியாந்தவனே நாந்தானுங்க. மூணு நாளா வையிறாங்க."

அதற்கப்புறம் அவரும் நானும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். மைதானம், ஐஸ் கிடங்கு, ஒரே ஒரு வெற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தானே கலவை போட்ட மைதானத்தைப் பிடுங்குவதா என்று அவர்களுக்குக் கோபம். விளையாட்டு புரியாவிட்டால் என்ன, நாளைக்கு ஊரோடு வருகிறோம் என்றார்கள்.

அந்த உற்சாகத்தில் மாதேசின் மனைவி ஒரு பலாப்பழத்தை அறுத்தார். தீவில் சீமைப்பலா உண்டு, அதை வறுத்துத் தின்பார்கள். இது அதன் சர்க்கரை போட்ட அண்ணன் என்று நான் விளக்கினேன். விளக்கம் மிக நன்றாக அமைந்துவிட்டது. முதல் பழம் முடிந்து இரண்டாவது பழமும் முடிந்தது. காலையில் எங்கள் ஆட்டக்காரர்களில் இரண்டு பேர் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, தங்களால் வரமுடியாது என்று தெரிவித்தார்கள்.

கடைசி ஆட்டம் இமயமலைப் பக்கத்து நாட்டு அணியோடு. அவர்கள் ஏற்காட்டில் வந்து இறங்கி, மலைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டவர்கள் என்று ஒரு பேச்சு. களத்தில் இறங்க ஏழு பேர் வேண்டும், எங்களிடம் ஆடக்கூடியவர்கள் சரியாக ஏழு பேர். எட்டாவது ஆளாக பெஞ்சில் நான். அரங்கம் நிறைந்திருந்தது. மஞ்சக்குட்டை மொத்தமும் ஒரு பக்கம். பொன்னாயி அம்மா முதல் வரிசை. பந்து எங்கள் கைக்கு வந்தால் கத்தினார்கள். எதிரி கைக்குப் போனால், அதுவும் நம்முடையதுதானோ என்று சந்தேகத்தில் கொஞ்சம் மெதுவாகக் கத்தினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு எங்கள் பையன்கள் ஆடியது வேறு ஆட்டம். நாங்கள் ஒரு கோல் போட, அவர்கள் ஒன்று போட, யாரும் விலகிப் போகவில்லை. முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது எங்கள் ஆள் ஒருவன் குதித்து இறங்கியதில் கணுக்கால் பிசகிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் கிடத்தினார்கள். ஜியாத் பெஞ்சைப் பார்த்தான். பெஞ்சில் அடிபட்டவனைத் தவிர நான்தான் இருந்தேன்.

"பேபே, இடது மூலையில் போய் நில்லுங்கள். பந்தைத் தொடாதீர்கள்" என்றான்.

அந்த விளையாட்டில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். சந்தோஷமாகப் போய் நின்றேன். எதிரணி முதலில் என்னைக் காவல் காக்க ஒரு ஆளை அனுப்பியது. அவன் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தான். திரும்பி நடந்து போய்விட்டான். பெண் பார்க்கப் போன காலத்தில்கூட என்னை இவ்வளவு சீக்கிரம் யாரும் முடிவு செய்ததில்லை.

கோல் எண்ணிக்கை சமமாக நின்றது. கடிகாரத்தில் நிமிடம் தீர்ந்து வினாடிதான் மிச்சம். ஜியாத் எறிந்தான். அவர்கள் கோல்கீப்பர் கையில் பட்டு, மேல்கம்பத்தில் பட்டு, பந்து நேராக மேலே எழும்பி என் மூலைக்கு வந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். கல்லூரி மைதானத்தில் ஆயிரம் தடவை வந்த மாதிரியே, நெற்றிக்கு நேராக, சாவகாசமாக இறங்கியது. தொடாதே என்று ஜியாத் சொன்னதை மூளை நினைவு வைத்திருந்தது. கைகளோடு யாரும் கலந்துபேசவில்லை. பத்து விரலும் தானாக மேலே போய், பந்தைத் தூக்கிக் கொடுத்தன. கண்ணை மூடியிருந்தேன் என்பதைப் பிறகு வீடியோவில் பார்த்தேன்.

கோல்போஸ்டுக்கு முன்னால் அரைவட்டம் ஒன்று உண்டு. கோல்கீப்பர் தவிர யாரும் அதற்குள் கால் வைக்கக் கூடாது. ஆனால் அதற்கு மேலே ஆகாயத்தில் இருக்கலாம். என் பந்து அந்த அரைவட்டத்துக்கு மேலே மிதந்து போனது. ஜியாத் கோட்டுக்கு வெளியே எம்பினான். பிடிக்கக்கூட நேரமில்லை, உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி. வலை ஆடியது.

மூன்று ஆட்டமாக எதுவும் புரியாமல் உட்கார்ந்திருந்த மலை ஜனத்துக்கு அந்த ஒரு வினாடி முழுசாகப் புரிந்தது. ஒருத்தன் தூக்கிக் கொடுக்கிறான், ஒருத்தன் அடிக்கிறான். மொத்தப் பேரும் எழுந்து போட்ட சத்தத்தில் நடுவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கோல் என்று கை காட்டினார்கள். எதிரணி அவசரமாகப் பந்தை எடுத்து வந்து கடைசியாக ஒன்று எறிந்தது. இப்பே அதை மூஞ்சியில் வாங்கினான். இமைக்கவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

ஜியாத் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிறகு எழுந்து கவுன்சில் தலைவருக்குப் போன் போட்டு, ஜெயித்துவிட்டோம் என்றான். அவர் எத்தனைக்கு எத்தனை என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "சரி, ஐஸ் கிடங்குக்கு வேறு இடம் பார்க்கிறேன்" என்று வந்தது. மொத்தப் போட்டியில் நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். கோப்பையை யார் வாங்கினார்கள் என்பதைக்கூட நாங்கள் நின்று பார்க்கவில்லை. எங்கள் பையன்கள் மஞ்சக்குட்டைப் பையன்களின் தோளில் இருந்தார்கள். என்னையும் தூக்கப் பார்த்தார்கள். இரண்டு முறை முயன்றுவிட்டுக் கைகொடுத்தார்கள்.

மறுநாள் ரிப்பேரான வேனில் மலை இறங்கினோம். வலை மஞ்சக்குட்டையில் தங்கிவிட்டது. இப்பே வழக்கம்போலத் தரையில். நான் முன்சீட்டில், பறந்துகொண்டிருந்தேன். மாதேசு நேற்றிலிருந்து ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது உறுத்தியது. எல்லோரும் பாராட்டியாயிற்று, வாலிபால் தெரிந்த மனுஷன் வாயால் ஒரு வார்த்தை வரவேண்டாமா? எப்படி மாதேசு, நம்ம செட்டு எப்படி இருந்தது என்று நானே கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு வளைவை நிதானமாகத் திருப்பி முடித்தார். கியரை மாற்றினார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். உங்க ரெண்டு கையும் ஒண்ணாப் படலீங்க, ஒண்ணு முன்ன ஒண்ணு பின்ன. டபுள் டச்சு. எங்கூரா இருந்திருந்தா நான் விசில் அடிச்சிருப்பேனுங்க."